கருவாலின் மகன்

ஜங்புரா, புதுடெல்லி
19-1-2026

அன்புள்ள அப்பாவுக்கு,

கையில் போன் இருக்கும்போது கடிதம் எழுதுகிறேனே என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். போனில் பேசினால் நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறீர்கள். அம்மா கேட்கிறாள், சித்தப்பா கேட்கிறார், தண்ணீர் எடுக்க வந்தவர்கள்கூட நின்று கேட்கிறார்கள். எனக்கு அத்தனை பேர் முன்னால் வாய் திறக்க வராது என்பது உங்களுக்குத் தெரியும். தெரு விளக்கடியில் அறிவொளி வகுப்பில் உட்கார்ந்து எழுத்துக் கற்றுக்கொண்டவர் நீங்கள். அதனால் வரிக்கு வரி இடம் விட்டு, பெரிய எழுத்தாக எழுதியிருக்கிறேன். அவசரம் இல்லை, இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொண்டு வாசியுங்கள். சித்தப்பாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்ல வேண்டாம். இதை நீங்கள் மட்டும் வாசிக்க வேண்டும்.

நான் நலம். இங்கே பனி கடுமையாக இருக்கிறது. காலை பத்து மணிவரை எதிர் வீட்டு மாடி தெரிவதில்லை. நீங்கள் கொடுத்தனுப்பிய கம்பளியைத்தான் போர்த்திக்கொள்கிறேன். அதில் இன்னும் ஆட்டு வாசனை போகவில்லை, நானும் துவைக்கவில்லை. கீழே குடியிருக்கும் வீட்டுக்கார ராஜம் மாமி என்னைத் தன் வீட்டுப் பெண் மாதிரி பார்த்துக்கொள்கிறார். அவர் வீட்டில் வேலை செய்த அக்கா நம் ஊர்ப்பக்கத்துக்காரர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்பில் இருந்தவர். அதை இடித்த பிறகு ஊரின் மறுகோடியில் இருக்கும் நரேலாவுக்குப் போய்விட்டார். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வருவதற்குள் பொழுது போய்விடுகிறது என்று நின்றுவிட்டார். இப்போது மாமிக்கு நான்தான் கூடமாட உதவுகிறேன். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. அம்மாவிடம் மட்டும் சொல்ல வேண்டாம்.

என் வேலை என்ன என்று நான் உங்களுக்குச் சரியாகச் சொன்னதே இல்லை. போன வருடப் பொங்கலுக்கு வந்திருந்தபோது சித்தப்பா எல்லார் முன்னாலும், "ஆட்டுப் புழுக்கைய எண்ணுறதுக்கா ஆத்தா டெல்லிக்குப் போன? நம்ம பட்டியில கெடக்குறத எண்ணக் கூடாதா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சொன்னது ஏறக்குறைய சரிதான். புழுக்கையைக் கரைத்து, வடிகட்டி, கண்ணாடிச் சில்லில் விட்டு, அதில் இருக்கும் புழு முட்டைகளை எண்ணுகிறேன். ஒரு கிராம் புழுக்கையில் எத்தனை முட்டை என்று கணக்கிட்டால், அந்த ஆட்டின் இரைப்பையில் எவ்வளவு புழு இருக்கும் என்று ஓரளவு சொல்லலாம்.

சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூல்போல ஒரு புழு. நீளம் ஒரு விரற்கடை. நான்காவது இரைப்பையில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும். ஒரு புழு ஒரு நாளைக்கு ஒரு சொட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிட்டால் ஆடு நின்றபடியே வெளுத்துப்போகும். தாடைக்குக் கீழே நீர் கோத்துப் பை மாதிரி தொங்கும். இதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கார்த்திகையில் நீங்கள் தினமும் பார்த்தீர்கள்.

ஆய்வுக்கூடத்தின் பின்னால் எங்களுக்கு ஒரு கொட்டகை உண்டு. போன வருடம் அதில் பன்னிரண்டு ஆடுகள் இருந்தன. ஒரே வயது, ஒரே தீனி. பன்னிரண்டுக்கும் ஒரே அளவில் புழுக்குஞ்சுகளை வாய்வழியாகக் கொடுத்தோம். நாற்பது நாள் கழித்து இரண்டு ஆடு எழுந்திருக்கவில்லை. ஏழு இளைத்துக் கிடந்தன. மூன்று ஆடு ஒன்றும் நடக்காததுபோல மென்றுகொண்டு நின்றன. பிறகு எல்லாவற்றையும் அறுத்து, இரைப்பையைத் திறந்து புழுவை எண்ண வேண்டும். மற்றவர்கள் பிடித்தால் ஆடு மிரள்கிறது என்று பிடிக்கிற வேலையை எனக்குக் கொடுத்தார்கள். நான் பிடித்தால் அவை மிரளவில்லை. அன்று சாப்பிட முடியவில்லை. ஆனால் இரைப்பைகளைப் பார்த்தேன். செத்த ஆட்டில் மூவாயிரத்துக்கு மேல் புழு. மென்றுகொண்டு நின்றதில் நூறுகூட இல்லை. ஒரே பட்டி, ஒரே புல், ஒரே புழு. உடம்புதான் வேறு. சில உடம்புக்குப் புழுவை ஒட்டவிடாமல் தள்ளத் தெரிகிறது. அந்தத் திறமையில் ஒரு பங்கு தாய் தகப்பன் வழியாகக் குட்டிக்கும் வருகிறது. முழுதாக வருவதில்லை, பத்தில் மூன்று பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவே பெரிது என்கிறார்கள்.

இதைத் தெரிந்துகொண்டுதான் புரட்டாசியில் நம் ஆடுகளின் புழுக்கையை அனுப்பச் சொன்னேன். ராணுவத்தில் இருக்கும் நம் தெரு ஜெகன் அண்ணன் லீவு முடிந்து திரும்பும்போது மீன்பெட்டியில் ஐஸ் போட்டுக் கொண்டுவந்தார். ரயிலில் பக்கத்து சீட்டுக்காரர் வழியெல்லாம், "விரால் மீனா தம்பி, எனக்கு ஒண்ணு குடுங்க" என்று கேட்டுக்கொண்டே வந்தாராம். அண்ணன் தூங்குவதுபோல நடித்தாராம்.

பெட்டியைத் திறந்தால் நாற்பத்தோரு பொட்டலம். ஒன்று, இரண்டு என்று எண் போடுங்கள் என்று சொல்லியிருந்தேன். நீங்கள் எண் போடவில்லை. ஒவ்வொன்றிலும் உங்கள் கையெழுத்தில் பெயர். "கருவால்." "கருவால் மூத்த மகள்." "கொம்பி பேத்தி, நொண்டினது." "சிலுப்பி, அப்பன் மூளிக்காதன்." எங்கள் மாதுரி மேடம் தமிழ்க் குடும்பம்தான், ஆனால் டெல்லியிலேயே பிறந்தவர், தமிழ் வாசிக்க வராது. "என்ன எழுதியிருக்கு, படி" என்றார். படித்தேன். அவர் எழுதிக்கொண்டே வந்தவர் பேனாவை நிறுத்திவிட்டார். "அச்சா, எது யாரோட குட்டின்னு எல்லாம் அவருக்கு ஞாபகம் இருக்கா? இதைக் கண்டுபிடிக்க நாங்க ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்புவோம்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த பொட்டலத்தை எடுத்துப் படித்தேன்.

ஐப்பசி முதல் வாரமே நாற்பத்தொன்றையும் எண்ணி முடித்துவிட்டேன். பெரும்பாலானவற்றில் இரண்டாயிரம், மூவாயிரம் முட்டை. ஏழே ஏழு பொட்டலங்களில் முந்நூறுக்கும் கீழே. அந்தத் தாளை மேடம் மேசையில் வைத்தேன். அவர் இரண்டு மாதப் பயிற்சிக்கு வெளியூர் போய்விட்டார். இதற்கு என்ன அர்த்தம், எந்த ஆட்டுக்கு என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குப் போன் செய்து கேட்டிருக்கலாம். பெரிய அதிகாரியை இதற்காகத் தொந்தரவு செய்வதா என்று கூச்சப்பட்டேன். திரும்பி வரட்டும் என்று இருந்தேன். அதற்குள் அங்கே மழை பிடித்துக்கொண்டது.

முதல் ஆடு விழுந்தபோது நீங்கள் போனில் கேட்டீர்கள். "டெல்லி சர்க்காருல இருக்க, நீ சொல்லு ஆத்தா, என்ன மருந்து குடுக்கட்டும்?" நான் சொன்னேன், எல்லாவற்றுக்கும் வழக்கமாகக் கொடுக்கிற அந்த வெள்ளைப் புழு மருந்தையே கொடுங்கள் என்று. ஒரு வார்த்தை தயங்கியிருக்கலாம். சித்தப்பா பக்கத்தில் இருக்கிறார் என்று தெரிந்ததால் தெரிந்த மாதிரி சொல்லிவிட்டேன். எட்டு வருடமாக அதே மருந்தைக் கொடுத்து வந்ததில் புழு அதற்குப் பழகிவிட்டது என்று மார்கழியில் மாட்டு ஆஸ்பத்திரி டாக்டர் வந்து சொல்லித்தான் வேறு மருந்து மாற்றினீர்கள். அதற்குள் இருபத்தேழு. அறுபத்து நாலில் இருபத்தேழு. உங்களிடம் ஒருவரும் என்னைக் குறை சொல்லவில்லை, நீங்களும் சொல்லவில்லை. "ஒண்ணுக்கும் பாதகமில்ல ஆத்தா, மழ அப்படி" என்றீர்கள். பாதகம் இருக்கிறது அப்பா. அந்தத் தாள் இரண்டு மாதம் மேசையில் கிடந்தது. எந்த ஆடு விழும் என்று அதில் எழுதியிருந்தது. மேடம் வந்த பிறகுதான், மோசமானவற்றை மட்டும் பிரித்து முன்னாலேயே வேறு மருந்து கொடுத்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. கேட்க வெட்கப்பட்டேன். அவ்வளவுதான் காரணம். வேறு ஒன்றும் இல்லை.

நேற்று இவ்வளவோடு நிறுத்திவிட்டேன். இன்று ஞாயிற்றுக்கிழமைபோல ஆய்வுக்கூடம் காலியாக இருக்கிறது, மேடம் வரவில்லை. இங்கேயே உட்கார்ந்து எழுதுகிறேன்.

செத்த ஆடுகளின் பெயரை நீங்கள் வரிசையாகச் சொல்ல, நான் எழுதிக்கொண்டேன் அல்லவா? எதற்கு என்று அம்மா கேட்டாள். இன்ஷூரன்சுக்கு என்று சொன்னேன். அது பொய். அந்தப் பெயர்களை என் தாளோடு வைத்துப் பார்த்தேன். புழுக்கை அனுப்பிய நாற்பத்தொன்றில் பத்தொன்பது செத்திருந்தன. குறைந்த முட்டை இருந்த ஏழில் ஒன்றுகூடச் சாகவில்லை. அந்த ஏழும் யார் தெரியுமா? கருவால், அதன் மூன்று மகள்கள், இரண்டு பேத்திகள், பிறகு ஒரு மகன். ஒரே குடும்பம். மூத்த மகள் அப்போதுதான் குட்டி போட்டிருந்தாள். குட்டி போட்ட பெட்டைக்கு அந்த நேரத்தில் எதிர்ப்புச் சக்தி இறங்கிவிடும், நல்ல ஆடே தடுமாறும். அவள்கூட நின்றுவிட்டாள்.

மகனுடைய பொட்டலத்தில் ஐம்பது முட்டைதான் இருந்தது. நாற்பத்தொன்றில் அதுதான் ஆகக் குறைவு. அதில் நீங்கள் "சாமி கிடா" என்று எழுதியிருந்தீர்கள்.

இனி எழுதப்போவது உங்களைப் புண்படுத்தும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு நினைவு தெரிந்த நாளாக மாசிக் களரித் திருவிழாவுக்கு வருடம் ஒரு கிடாவை நம் குலசாமி கருப்பருக்குக் கொடுக்கிறோம். அதை நீங்கள் எப்படித் தேர்வு செய்வீர்கள் என்று பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். காது மூளி கூடாது, கொம்பு உடைந்திருக்கக் கூடாது. அதற்கும் மேலே, போன மழையில் ஒரு நாள்கூடப் படுக்காததாக இருக்க வேண்டும். கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்து, "கண்ணு செக்கச்செவேல்னு இருக்கு, இதுதான்" என்பீர்கள். ஒரு தடவை சித்தப்பா, ஏதோ ஒரு இளைத்த கிடாவைக் கொடுத்தால் சாமி வேண்டாம் என்றா சொல்லும் என்று கேட்டதற்கு, "நம்ம வீட்டுப் புள்ளையக் குடுக்குற மாதிரிடா, சொத்தையக் குடுக்கலாமா?" என்று திட்டினீர்கள்.

இங்கேயும் கீழிமையை இழுத்துத்தான் பார்க்கிறோம். கையில் ஒரு வண்ண அட்டை வைத்திருக்கிறோம், சிவப்பிலிருந்து வெள்ளை வரை ஐந்து நிறம். சிவப்பாக இருந்தால் அந்த ஆடு புழுவைத் தாங்குகிறது, அதை இனவிருத்திக்கு வை என்று அர்த்தம். உங்களுக்கு அட்டை வேண்டியிருக்கவில்லை. இத்தனை வருடமும் சரியாகத்தான் பார்த்தீர்கள். பார்த்து, பட்டியிலேயே புழுவைத் தாங்குகிற கிடா எதுவோ அதைத் தனியே கட்டினீர்கள். சாமி கிடா பெட்டையோடு சேரக்கூடாது என்று வயிற்றுக்கடியில் சாக்குக் கட்டினீர்கள். மாசியில் மஞ்சள் தண்ணீர் தெளித்து, அது உடம்பைச் சிலுப்பியதும் வெட்டினோம். சாமி ஏற்காத கிடாக்கள் பட்டியில் நின்றன. மூளிக்காதன் நின்றது. பிறகு வெள்ளைப்பொட்டன். காது மூளியானதால் ஒரு கேடும் இல்லை. ஆனால் அவை மழைக்கு மழை படுத்து எழுந்தவை. குட்டிகளெல்லாம் அவற்றின் குட்டிகள். என் கணக்கில் பதினாறு கிடா அப்பா. நல்லதைச் சாமிக்குக் கொடுத்தோம். மிச்சத்தைப் பட்டிக்குக் கொடுத்தோம்.

சாமி கிடா என்றால் என்ன என்று மாதுரி மேடம் கேட்டார். சொன்னேன். "அப்ப இதை ப்ரீடிங்குக்கு விட மாட்டாங்களா?" என்றார். மாட்டார்கள், மாசியில் வெட்டிவிடுவார்கள் என்றேன். "வீட்ல சொல்லிப் பாரேன், சுபாஷிணி" என்றார். அவருக்கு அது எளிது. அவருடைய தாளில் அது இருபத்து மூன்றாம் எண் ஆடு. அதை எதற்காக நேர்ந்து விட்டீர்கள் என்பது அவருக்குத் தெரியாது.

எனக்குத் தெரியும். மற்ற கிடாக்களை மழை முடிந்ததும் பார்த்துத் தேர்ந்தீர்கள், இதை மட்டும் குட்டியிலேயே நேர்ந்தீர்கள். நான் இண்டர்வியூவுக்கு ரயில் ஏறிய வாரம் கருவால் அதை ஈன்றது. கோயிலில் நின்று, "எம் மகளுக்குச் சர்க்கார் வேலை கெடச்சு நெலைக்கட்டும் கருப்பா, இந்தக் குட்டி ஒனக்கு" என்று சொல்லிக் கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டி விட்டீர்கள். அம்மா சொல்லி அழுதாள். உத்தரவு வந்ததும் பஸ் நிறுத்தத்தில் என் படம் போட்டு பேனர் வைத்தீர்கள். அம்மா பார்ப்பவர்களிடமெல்லாம், "டெல்லி சர்க்காரே எம் மவளக் கூப்புட்டு வேல குடுத்துச்சு" என்று சொல்வாள். நான் மறுக்கவில்லை. மறுத்திருக்க வேண்டிய நாள் அதுதான்.

அப்பா, இது நிலையான வேலை இல்லை. ஒரு ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்கிற தற்காலிக ஆள் நான். உத்தரவின் இரண்டாம் பக்கத்திலேயே அது இருந்தது. அது ஆங்கிலத்தில் இருந்ததால் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. முதலில் ஒரு வருடம், பிறகு கொஞ்சம் நீட்டித்தார்கள். இந்த மார்ச் முப்பத்தொன்றோடு முடிகிறது. இனி நீட்டிப்பு இல்லை என்று மார்கழியில் கடிதம் கொடுத்துவிட்டார்கள். அதனால்தான் ஆய்வுக்கூடம் இப்படிக் காலியாகக் கிடக்கிறது.

ராஜம் மாமியிடம் மட்டும் சொன்னேன். அவர் கணவர் முப்பது வருடம் மத்திய சர்க்காரில் குமாஸ்தாவாக இருந்தவர். "டெம்பரரின்னா டெம்பரரின்னு அப்பாகிட்ட அன்னிக்கே சொல்லியிருக்கணும்டி அசடே. டெம்பரரி ஆர்டரை நம்பிக் கல்யாணம் நிச்சயம் பண்ணினவாளையெல்லாம் நான் பார்த்திருக்கேன்" என்றார். திட்டிவிட்டு, வேறு வேலை கிடைக்கும்வரை மாடியிலேயே இரு என்றார். வேறு இரண்டு இடத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். என்னைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

உங்களைப் பற்றித்தான் கவலை. நீங்கள் சரியாகச் சாப்பிடுவதில்லை, காலிப் பட்டியில் போய் உட்கார்ந்துகொள்கிறீர்கள் என்று அம்மா சொன்னாள். அடுத்த மழைக்கு முன்னால் மிச்ச ஆட்டையும் விற்றுவிட்டுத் திருப்பூருக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போகிறேன் என்றீர்களாம். அறுபதை நெருங்குகிற நேரத்தில், ஒரு மில் வாசலில், ஆடு இல்லாமல் நீங்கள் உட்கார்ந்திருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மிச்சம் முப்பத்தேழு ஆடு. அவற்றில் பெரும்பாலானவை மூளிக்காதன், வெள்ளைப்பொட்டன் பிள்ளைகள். புது மருந்து இரண்டு மூன்று வருடம் கேட்கும். பிறகு புழு அதற்கும் பழகும். அப்போது எந்த மருந்தைச் சொல்வதென்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்து நம் பட்டியில் மிச்சம் இருக்கிற மருந்து ஒன்றுதான். அதன் வயிற்றில் சாக்குக் கட்டியிருக்கிறது.

மாசிக் களரிக்கு இன்னும் நாலு வாரம்கூட இல்லை. உறவுக்காரர்களுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது என்று தெரியும். கருப்பருக்குக் கொடுத்த வாக்கை மீறச் சொல்ல எனக்கு வாய் வராது. பொய் சொல்லவும் சொல்லவில்லை. வேலை கிடைத்து நிலைத்தால் என்றுதானே வேண்டினீர்கள்? நிலைக்கவில்லை. அதை நீங்கள் கோயிலில் நின்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டியிருக்கும். பேனரைப் பார்த்தவர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். சித்தப்பா ஏதாவது சொல்வார், சிரிப்பார்கள். அது என்னால் வந்தது. மாசிக்கு நானும் வந்து உங்கள் பக்கத்தில் நிற்கிறேன். நீங்கள் சொல்ல முடியாவிட்டால் நானே சொல்கிறேன். அத்தனை பேர் முன்னாலும் சொல்கிறேன்.

அம்மாவும் நீங்களும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். இருக்கிற முப்பத்தேழும் நன்றாக இருக்கட்டும். கருப்பர் நம்மேல் கோபிக்காமல் இருக்கட்டும்.

இதை வாசித்து முடித்ததும் யாரிடமும் எதுவும் கேட்காமல் பட்டிக்குப் போங்கள் அப்பா. போய்க் கருவாலின் மகன் வயிற்றில் கட்டியிருக்கிற அந்தச் சாக்கை உங்கள் கையால் அவிழ்த்துவிடுங்கள்.

உங்கள் மகள்,
சுபாஷிணி